காலிப் பெட்டி யார் கணக்கில்?

காலை ஆறரை மணி. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக நிற்கும் குடோன்களில் ஏதோ ஒன்று. ஷட்டர் ஏறுகிறது. பின்பக்கம் காட்டி நிற்கும் லாரியிலிருந்து அட்டைப்பெட்டிகள் உருளைகள் மேல் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. எதிரே நிற்கும் இளைஞரின் கையில் கட்டர். டேப்பின் நடுவே ‘சர்ர்’ என்று ஒரு கீறல். உள்ளிருக்கும் சரக்கு பிளாஸ்டிக் டப்புக்குப் போகிறது. காலிப் பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் பறக்கிறது. அது தரையைத் தொடுவதற்குள் அடுத்த ‘சர்ர்’.

அங்கிருந்து முப்பதடி தூரத்தில், தரையில் அடித்திருக்கும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப்புறம், பேக்கிங் மேசை. கட்டுக்கட்டாக அடுக்கிவைத்த புத்தம்புது அட்டைகளிலிருந்து ஒன்றை உருவுகிறார் ஒரு பெண். மடித்து, அடியில் டேப் ஒட்டி, இரண்டு ஷாம்பு பாட்டில், ஒரு மாவுச் சல்லடை, ஒரு ஜோடிச் செருப்பு என்று ஆர்டரில் இருப்பதைப் போட்டு, மிச்ச இடத்தைக் காற்றடைத்த பையால் நிரப்பி மூடுகிறார்.

அவர் மடித்த பெட்டியும், அந்தப் பக்கம் பறந்த பெட்டியும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்கு அன்றுதான் பிறந்தநாள், மற்றதற்கு அன்றே கடைசி நாள். முப்பதடியை அந்தப் பெட்டி ஏன் தாண்டவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், உடுமலைப்பேட்டை ஆலை, கோயம்பேடு மண்டி, டாஸ்மாக் கடை, டெல்லியின் சட்டப் புத்தகம் என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது.

இரண்டு நோட்டு

முதல் பதில் கேட்டிலேயே இருக்கிறது. செக்யூரிட்டி மேசையில் இரண்டு நோட்டு. உள்ளே வரும் புதுப் பெட்டிகள் ‘பேக்கிங் மெட்டீரியல்’ நோட்டில் ஏறும். வெளியே போகும் பழைய பெட்டிகள் ‘ஸ்கிராப்’ நோட்டில் ஏறும். வாங்குவது கொள்முதல் பிரிவு. விற்பது நிர்வாகப் பிரிவு. கொள்முதல்காரர் புதுப் பெட்டியில் இருபது பைசா குறைத்து வாங்கினால் பாராட்டு. நிர்வாகத்துக்காரர் ஸ்கிராப்பைக் கிலோவுக்கு ஐம்பது பைசா கூட்டி விற்றால் பாராட்டு. இரண்டு பேரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். நடுவில் நிறுவனம் தான் விற்ற பொருளையே திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது.

பேச்சுக்கு ஒரு கணக்கு. புதுப் பெட்டி இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடை நானூறு கிராம். பழைய அட்டை கிலோ பத்து ரூபாய்க்குப் போனால் அந்தப் பெட்டிக்குக் கிடைப்பது நான்கு ரூபாய். ஒரேயொரு முறை மறுபடி உபயோகித்தால் இருபது ரூபாய் மிச்சம், அந்த நான்கு ரூபாய் வராமல் போனாலும் பதினாறு ரூபாய் லாபம். இதில் பழைய பெட்டியைப் பிரித்து, பார்த்து, அடுக்கும் ஆள்கூலியைக் கழிக்க வேண்டும். கழித்தாலும் லாபம்தான், அளவு ஒத்துவந்தால். ஆனால் அந்த லாபம் எந்த நோட்டிலும் வரவாக ஏறாது. வாங்காமல் விட்ட பெட்டிக்கு பில் கிடையாதே!

நம் வீடுகளில் இந்தப் பிரச்னை இருந்ததில்லை. வாங்குவதும் பத்திரப்படுத்துவதும் ஒரே ஆள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு, ஸ்வீட் டப்பாவில் பட்டன், பிஸ்கட் டின்னில் நூல்கண்டு. வீடு மாறும்போது மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிய சோப்புப் பெட்டிகளில்தான் பாதித் தமிழ்நாடு குடிபெயர்ந்திருக்கிறது. இதை எழுதும் என் மேசைக்கு அடியிலும், ‘எப்பவாவது உதவும்’ என்று நான்கு பெட்டிகள் காலில் இடிக்கின்றன.

பெட்டி எதனால் சாகிறது?

பாரம் தாங்காமல் உடையும் பெட்டிகளைவிட, கத்தியால் சாகும் பெட்டிகளே குடோனில் அதிகம். டேப்பை மட்டும் கீறவேண்டிய பிளேடு, அவசரத்தில் மூடியையும் சேர்த்து அறுத்துவிடுகிறது. மூடி அறுந்த பெட்டிக்கு மறுபிறவி இல்லை. பிளேடின் நீளத்தைக் குறைத்து, டேப்புக்குள் மட்டும் நுழையும் கட்டரைக் கையில் கொடுத்தாலே கணிசமான பெட்டிகள் பிழைத்துவிடும். உள்ளிருக்கும் சரக்கும் கீறல் படாது, விரலும் தப்பிக்கும்.

அடுத்த எமன் ஸ்டிக்கர். பழைய பெட்டியில் பழைய பார்கோடு அப்படியே ஒட்டியிருந்தால், ஸ்கேனர் எதை முதலில் பார்க்கிறதோ அதை நம்பும். மதுரைக்குப் போகவேண்டிய பார்சல், பெட்டியின் போன ஜென்ம முகவரியைத் தேடிக்கொண்டு வேறெங்கோ போய் நிற்கும். அதனால்தான் பல குடோன்களில் பழைய பெட்டியைத் தொடவே பயப்படுகிறார்கள். பழைய லேபிளைக் கிழிப்பதோ, கறுப்பு மார்க்கரால் குறுக்கே கோடு போடுவதோ ஐந்து விநாடி வேலைதான். ஆனால் மணிக்கு இத்தனை பார்சல் என்று ஓடும் மேசையில் ஐந்து விநாடி என்பது பெரிய சொத்து.

மூன்றாவது, ஈரம். அட்டையின் பலம் அதன் நடுவில் இருக்கும் அலைத்தாளில் இருக்கிறது. காற்றில் ஈரம் ஏற ஏற அது தளர்ந்துபோகும். மழைக்காலத்தில் அடுக்கின் கீழ்ப்பெட்டி, வறண்ட நாளில் தாங்கியதில் பாதி பாரத்தைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அழுந்தி மூலை நசுங்கிய பெட்டி, காய்ந்த பிறகும் பழைய பலத்துக்குத் திரும்பாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்தபோது, தண்ணீர் தொட்ட அட்டையெல்லாம் கூழாகக் கிடந்ததை அங்கே வேலை பார்ப்பவர்கள் மறக்க மாட்டார்கள். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பதற்கு அழகு காரணமில்லை.

பழைய பெட்டி எல்லாவற்றையும் திரும்ப உபயோகிக்கலாம் என்று கிளம்புவதும் ஆபத்து. பூச்சிமருந்து வந்த பெட்டியில் பருப்பு போகக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகள் உணவைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்கின்றன. எண்ணெய் அடைத்த தகர டின்னை மறுபடி எண்ணெய்க்கே பயன்படுத்தவும் தடை போடுகின்றன. நம்மூர் பஜ்ஜிக் கடைகளுக்கு அந்தச் சேதி இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

ஓட்டை விழுந்த, மூடி அறுந்த பெட்டிக்கும் குடோனுக்குள்ளேயே ஒரு வேலை உண்டு. அட்டையை வலைபோலக் கீறித் தரும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பழைய அட்டையைக் கொடுத்தால் மறுபக்கம் மெத்தென்று விரியும் வலை வரும். பபிள் ரேப்புக்குப் பதில் அதையே சுற்றிவிடலாம்.

▣ பெட்டிச் செய்தி: அட்டையின் ஜாதகம்

அலைத்தாள் முதலில் தாங்கியது தலையைத்தான். 1856-ல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் உயரமான தொப்பிகளின் உட்பக்கத்துக்காக அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் பாட்டில் சுற்றுவதற்குக் கொண்டுவந்தார்.

பபிள் ரேப்பின் கதை இதைவிட வேடிக்கை. 1957-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் இருவரும் செய்யப் பார்த்தது சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள். சுவருக்கு ஆகாதது சரக்குக்கு ஆயிற்று.

பிளை: மூன்று பிளை என்றால் இரண்டு தட்டைத் தாள், நடுவில் ஓர் அலைத்தாள். ஐந்து பிளையில் அலை இரண்டு, ஏழில் மூன்று. மறு உபயோகத்துக்கு ஐந்து, ஏழு பிளைப் பெட்டிகளே நின்று ஆடும்.

மேற்கே போகும் லோடு

உபயோகிக்க முடியாதது பேல் மெஷினுக்குப் போகிறது. அது பெட்டிகளை நசுக்கி, கம்பியோ பட்டையோ போட்டுக் கட்டித் துப்புகிறது. பழைய பேப்பர் வியாபாரிகள் வழியாக அந்தக் கட்டுகள் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, சத்தியமங்கலம் வட்டாரத்துக் கிராஃப்ட் (பழுப்புத் தாள்) ஆலைகள் போன்றவற்றுக்குப் போய்ச் சேரும். ஆலையில் முதல் வேலை ஈரம் பார்ப்பது. எடை ஏற்றக் கட்டுகளில் தண்ணீர் தெளிக்கும் வித்தை இந்தத் தொழிலுக்கு ஒன்றும் புதிதல்ல. ஈரத்துக்குத் தக்கபடி எடையில் கழிப்பதும் புதிதல்ல.

பிறகு ராட்சத மிக்ஸி போன்ற பல்ப்பரில் தண்ணீரோடு சுற்றிக் கூழாக்குவார்கள். பேப்பர் கரையும். டேப்பும் கம்பியும் பாலித்தீனும் கரையாது. அவற்றைப் பிடித்து இழுக்கச் சுழலுக்குள் ஒரு கயிறு விட்டிருப்பார்கள். நேரம் ஆக ஆக அதில் நாம் ஒட்டிய டேப்பெல்லாம் சடைபிடித்துத் தொடைப் பருமனில் திரண்டு மேலே வரும். ஒரு பெட்டிக்கு ஆறு சுற்று டேப் ஒட்டுகிற அன்பர்கள் அந்தச் சடையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

‘அட்டைதானே, மறுசுழற்சிக்குப் போய்விடும்’ என்ற நிம்மதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகிறது. ஐந்திலிருந்து ஏழு சுற்று வரை தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கப்புறம் அது தாளாகச் சேராமல் கசடாகத் தண்ணீரோடு போகும். நம்மூர் அட்டை ஏற்கெனவே பல ஜென்மம் எடுத்த நாரில் செய்தது. அதனால்தான் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பழைய பெட்டிகளைக் கப்பலில் வரவழைக்கிறார்கள். அவற்றில் மரத்திலிருந்து நேராக வந்த நீள நார் கூடுதலாக இருக்கும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பது சீனாவால் தெரிந்தது. 2021 ஜனவரி முதல் திடக்கழிவு இறக்குமதி அத்தனைக்கும் சீனா கதவைச் சாத்தியது. கழிவாக வராத நாரை, தாளாக வாங்க ஆரம்பித்தன அங்குள்ள ஆலைகள். இந்தியக் கிராஃப்ட் தாள் அங்கே கப்பலேறியது. அந்த வருடம் இங்கே கிராஃப்ட் விலை தாறுமாறாக ஏறியது. சிறிய பெட்டித் தயாரிப்பாளர்கள், ஒப்புக்கொண்ட விலைக்குப் பெட்டி கொடுக்க முடியாமல் கையைப் பிசைந்தார்கள். குடோன்களில் பழைய பெட்டியைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் தலைகாட்டியது அப்போதுதான். விலை இறங்கியதும் பழக்கமும் இறங்கிவிட்டது.

தக்காளிக் கிரேட் மட்டும் எப்படித் திரும்புகிறது?

அதிகாலை கோயம்பேட்டுக்குப் போனால் இதற்கு நேர் எதிரான உலகம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தக்காளி பிளாஸ்டிக் கிரேட்டில் வருகிறது. தக்காளி விற்றதும் காலிக் கிரேட் எண்ணி அடுக்கப்பட்டு அதே லாரியிலோ அடுத்த லாரியிலோ திரும்பிப் போகிறது. கிரேட்டின் பக்கவாட்டில் மண்டிக்காரரின் பெயரோ எழுத்தோ இருக்கும். குறைந்தால் காசு. சுற்றுச்சூழல் பற்றி அங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

ஆவின் பால் டப் தினமும் ஏஜென்ட் வீட்டு வாசலிலிருந்து பண்ணைக்குத் திரும்புகிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் இதே ஜாதி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் கொண்டுவரும் லாரிகளும் காலி பின்களை (தொட்டிகளை) ஏற்றிக்கொண்டுதான் திரும்புகின்றன. பல பின்கள் மடங்கும். நிமிர்ந்து வருவது ஒரு லாரி என்றால், மடங்கிப் போக மூன்றில் ஒரு பங்கு இடம் போதும்.

இவை எல்லாவற்றிலும் மூன்று விஷயம் பொது. காலிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். வந்த வண்டியே திரும்பிப் போகிறது. தொலைந்தால் யாரோ ஒருவரின் கையைக் கடிக்கும். ஆன்லைன் பார்சல் பெட்டிக்கு இதில் ஒன்றுகூட இல்லை. டெலிவரி பையன் காலிப் பையோடுதான் திரும்புகிறான். ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்க அவனுக்கு நேரம் கிடையாது, காலிப் பெட்டியை வாங்கிப் போகச் சொல்லி யாரும் காசும் கொடுக்கவில்லை.

அந்த மூன்றையும் சட்டத்தால் உண்டாக்க முடியுமா? முடியும் என்று காட்டியது, யாரும் எதிர்பார்க்காத டாஸ்மாக். காட்டுக்குள் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் திட்டம் வந்தது. பாட்டில்கள் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தபோது இன்னொரு பக்கம் தெரிந்தது. பத்துக்குப் பத்துக் கடையில் காலி பாட்டிலை எங்கே வைப்பது? ஸ்டிக்கரை யார் ஒட்டுவது? எண்ணுவது யார்? கூடுதல் வேலையைத் தங்கள் தலையில் கட்டியதாக ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். காலிக்கும் இடம் வேண்டும், ஆள் வேண்டும். காகிதத்தில் திட்டம் போடுகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

▣ பெட்டிச் செய்தி: சாக்குக்கும் ஒரு சட்டம்

உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987-லேயே சட்டம் போட்ட நாடு இது. ரேஷன் கடையில் அரிசி தீர்ந்த பிறகும் காலிச் சாக்குக்குக் கணக்கு உண்டு. 2020 ஊரடங்கில் சணல் ஆலைகள் மூடியபோது சாக்குக்குப் பெரும் தட்டுப்பாடு. பிளாஸ்டிக் சாக்குக்கும், ஒருமுறை பயன்படுத்திய பழைய சாக்குக்கும் அரசே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் ‘சாக்கு இல்லை’ என்ற பதிலைக் கேட்டுக் காத்துக்கிடந்த டெல்டா விவசாயிக்குத் தெரியும், பொதியைவிடப் பை எப்போது பெரிதாகும் என்று.

மரம், பாலித்தீன், தெர்மாகோல்

பேலட் என்கிற மரப்பலகை அடுக்கு, குடோனில் மறு உபயோகத்தின் ராஜா. ஒரு சட்டம் உடைந்தால் அதை மட்டும் கழற்றி வேறு அடித்துவிடலாம், ஒரு ஆள், ஒரு சுத்தியல். இனி தேறாது என்றானதும் பைன் பலகையாகத் தச்சுப்பட்டறைக்குப் போய் டீக்கடை பெஞ்சாகவோ காபி ஷாப் மேசையாகவோ ஆகிறது. நகரத்து காபி ஷாப்புகளில் அந்த மேசைக்கு இருக்கும் மவுசைப் பார்த்தால், ஆணியோடு அப்படியே போட்டிருந்தால் இன்னும் அதிகம் கேட்பார்களோ என்று தோன்றுகிறது.

கப்பலில் வந்த பலகையில் மட்டும் ஒரு முத்திரையைத் தேடிப் பார்க்க வேண்டும். மரப் பேக்கிங்கில் ஒளிந்து வரும் பூச்சிகள் ஊர்விட்டு ஊர் பரவுவதைத் தடுக்க 2002-ல் உலக அளவில் ஒரு விதி வந்தது. ஆசிய நெடுங்கொம்பு வண்டு அப்படி ஒளிந்து போய், 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளின் மரங்களில் குடியேறியிருந்தது. விதிப்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் சூடாக்கிய பலகையில் ‘எச்.டி.’ என்ற முத்திரை இருக்கும். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. குழந்தைக்குக் கட்டில் செய்ய அந்தப் பலகை வேண்டாம்.

பாலித்தீனில், பேலட்டைச் சுற்றும் ஸ்ட்ரெட்ச் ஃபிலிமுக்கு ஒரே வாழ்க்கைதான். கிழித்தால் முடிந்தது. நிறமில்லாமல், ஸ்டிக்கரும் மண்ணும் ஒட்டாமல் தனியாகப் பிடித்து வைத்தால் மறுசுழற்சிக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார். டீ கப்போடும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடும் கலந்தால் அதே பொருள் குப்பை. வித்தியாசம் மூலையில் நிற்கும் இரண்டு தொட்டி. பச்சை நிறத்தில் வரும் பெட் (PET) பட்டைகளில் பல, பழைய தண்ணீர் பாட்டிலின் மறுபிறவி.

தெர்மாகோல் தனிக்கதை. அதில் 95 சதவீதத்துக்கு மேல் காற்று. ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை மேடை சிரிக்கும். எடைக்குக் காசு கொடுக்கும் தொழிலில் காற்றுக்கு விலை இல்லை. உருக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் இல்லாத இடத்தில் அது கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றியிருந்தவர்கள் சுவாசித்தது இப்படிப் பிரிக்காமல் கொட்டிய எல்லாவற்றையும்தான்.

சட்டம் கேட்டுக்கு வருகிறது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டம். மளிகைக் கடையில் இவற்றின் தாக்கத்தைப் பார்த்தோம். குடோனுக்குள் கடித்தது 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள். சந்தையில் நீ விட்ட பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு நீயே பொறுப்பு என்பது இதன் சாரம். கெட்டியான பிளாஸ்டிக் கலனில், 4.9 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் பெரியவற்றுக்கு 2025-26 முதல் 70 சதவீத மறு உபயோகம் என்ற இலக்கு உண்டு. பெரிய ஆன்லைன் நிறுவனங்கள் அதற்கு முன்பே காகிதத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன. தங்கள் குடோன்களில் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டதாக அமேசான் 2020-லும் ஃபிளிப்கார்ட் 2021-லும் அறிவித்தன.

மாறியது எங்கே போய் நின்றது? பிளாஸ்டிக் குறைந்த இடத்தில் காகிதம் ஏறியது. 2024 டிசம்பரில் காகிதம், கண்ணாடி, உலோகப் பேக்கிங்குக்கும் இதே மாதிரி பொறுப்பு விதிகளின் வரைவை மத்திய அரசு வெளியிட்டது.

விதியை நம்பி நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. மறுசுழற்சி செய்தவர் சான்று விற்கலாம், செய்யாதவர் அதை வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம் என்பது ஏற்பாடு. 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது நான்கு மறுசுழற்சி நிறுவனங்களிடமிருந்து மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றுகள் வந்திருந்தது தெரிந்தது. உருகாத பிளாஸ்டிக் காகிதத்தில் உருகியிருந்தது.

குப்பையா, கஜானாவா?

குடோன்காரர்கள் சத்தமாகப் பேசாத ஒரு விஷயம் ஸ்கிராப் ஒப்பந்தம். தொழிற்சாலைப் பட்டையில் ஸ்கிராப் எடுக்கும் உரிமைக்காக அரசியல் சிபாரிசு, மிரட்டல், வெட்டுக்குத்து வரை போன செய்திகளைக் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வாசகர்கள் எத்தனையோ படித்திருப்பார்கள். அந்த ஒப்பந்தக்காரருக்கு நல்ல பெட்டி உடைந்த பெட்டியாக வருவதுதான் லாபம். கிலோ குறையக் குறைய அவருக்கு முகம் சுருங்கும். ஒரு குடோன் மேலாளர் நாளை மறு உபயோகத்தை ஆரம்பித்தால் முதலில் கேட்டில் வந்து நிற்கப்போவது சுற்றுச்சூழல் விருதுக்குழு இல்லை.

இன்னொரு பக்கம், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பெட்டிகளை மீட்டுக்கொண்டு வருகிறவர்கள். தள்ளுவண்டிக்காரர், பழைய பேப்பர் கடைக்காரர், தெருவில் பொறுக்கும் பெண். ஒரு நிறுவனமும் ஏற்பாடு செய்யாத திரும்பு பாதையைக் கிலோவுக்குச் சில ரூபாய் வித்தியாசத்தில் இவர்கள்தான் நடத்துகிறார்கள். சான்று வணிகத்தில் இவர்கள் பெயருக்கு இடமில்லை. அட்டை விலை விழுந்தால் முதல் அடி அந்தத் தள்ளுவண்டிக்கு.

▣ பெட்டிச் செய்தி: வாசலுக்கு வந்த பெட்டி

லேபிளைக் கிழித்துவிடுங்கள். அதில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. டேப்பை உரித்து, பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, நனையாத இடத்தில் வையுங்கள். பீட்சா எண்ணெய் ஊறிய அட்டையை நல்ல அட்டையோடு சேர்க்க வேண்டாம். நார் எண்ணெயைக் குடித்துவிட்டால் கூழில் சேராது.

சாயங்காலம் ஆறு மணி

ஷிஃப்ட் மாறும் நேரம். காலையில் பறந்த பெட்டிகள் எல்லாம் கட்டாகி, தார்ப்பாய் போர்த்திய லாரியில் ஏறியாயிற்று. கேட்டருகே அது நிற்கும்போதே எதிரில் ஹாரன். புதுப் பெட்டிகள் வந்த லாரி. இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டைத் தாண்ட முடியாது. ஒன்று பின்வாங்க, மற்றது ஒதுங்க, டிரைவர்கள் இருவரும் ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். செக்யூரிட்டி வெளியே வந்து, போகிற வண்டியின் எண்ணை ஒரு நோட்டில் எழுதுகிறார். மூடி வைக்கிறார். வருகிற வண்டியின் எண்ணுக்கு இன்னொரு நோட்டைத் திறக்கிறார்.